புறக்கணிக்க முடியாத வளி

பௌதிகவியல் வினாத்தாளில் நான் மிகவும் விரும்பிய வசனம் ஒன்று இருந்தது. "வளித் தடையைப் புறக்கணிக்க" என்பதே அது. கோபுரத்தின் உச்சியிலிருந்து கல் விழும். குன்றின் மேலிருந்து பந்து எறியப்படும். வினாவின் இறுதியில் இந்த வசனத்தைக் கண்டால் மனம் ஆறுதலடையும். மூன்று வரிகளில் கணக்கு முடிந்துவிடும்.

சென்ற வருடம் எங்கள் பௌதிகவியல் ஆசிரியை ஒரு கணக்குத் தந்தார். 1,000 மீற்றர் உயரத்தில் அசையாது நிற்கும் பலூனிலிருந்து ஒருவர் குதிக்கிறார். வளித் தடையைப் புறக்கணித்தால் அவர் எந்த வேகத்தில் தரையை அடைவார்? செக்கனுக்கு 140 மீற்றர் என்று எழுதினோம். அதாவது மணிக்கு 500 கிலோமீற்றருக்கும் மேல். "சரி. இப்போது அவர் முதுகில் ஒரு பரசூட் இருக்கிறது. அது நன்றாக விரிந்தும் விட்டது. வளித் தடையைப் புறக்கணித்தால் விடை என்ன?" என்று ஆசிரியை கேட்டார்.

வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது. விடை அதே 140தான். வளியை இல்லையென்று வைத்துக்கொண்டால் பரசூட் வெறும் துணி. அந்த மனிதரை உயிரோடு தரைக்குக் கொண்டுவருவது துணியல்ல. நாம் கணக்கிலிருந்து நீக்கிவிட்ட அந்த வளிதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. ஆளைத் தாங்குவது வளியென்றால், வளி மாறும்போது தாங்கும் அளவும் மாறத்தானே வேண்டும்? காலையில் இருக்கும் வளி நண்பகலில் இருப்பதில்லை. கடற்கரையில் இருக்கும் வளி மலையில் இருப்பதில்லை. அப்படியானால் ஒரே மனிதர் ஒரே பரசூட்டுடன் வெவ்வேறு இடங்களில் இறங்கும்போது என்ன நடக்கும்? அதைத் தேடி அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வளிக்கும் திணிவு உண்டு

காற்றைப் பாரமற்ற ஒன்றாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு கன மீற்றர் வளியின் திணிவு 1.225 கிலோகிராம். நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடைபட்டிருக்கும் வளி 40 கிலோகிராமுக்கும் அதிகம். ஏறத்தாழ எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் திணிவு அது.

இந்த அடர்த்தியை முக்கியமாக இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அமுக்கம், மற்றையது வெப்பநிலை. அமுக்கம் கூடினால் மூலக்கூறுகள் நெருங்கும், அடர்த்தி கூடும். வெப்பநிலை கூடினால் அவை விலகும், அடர்த்தி குறையும். உயர்தரத்தில் நாம் படிக்கும் இலட்சிய வாயுச் சமன்பாடு சொல்வதும் இதைத்தான். இங்கே வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. 15 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறினால் வெப்பம் இரு மடங்காகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது 288 கெல்வினிலிருந்து 303 கெல்வினுக்கு ஏறியதுதான். ஆகவே அடர்த்தி பாதியாகாது. ஐந்து வீதம் மட்டும் குறையும்.

மூன்றாவதாக ஈரப்பதனும் உண்டு. மழைக்கு முந்திய புழுக்கத்தில் "காற்றே பாரமாக இருக்கிறது" என்போம். ஆனால் நீராவியின் மூலர்த் திணிவு 18, உலர்ந்த வளியினது 29. கனமான மூலக்கூறுகளின் இடத்தை இலேசானவை பிடித்துக்கொள்வதால், ஈரமான வளி உலர்ந்த வளியைவிட இலேசானது. எனினும் 30 பாகையில் வளி நீராவியால் முற்றாக நிரம்பியிருந்தாலும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை வீதமே. அதனால் இனி வெப்பநிலையையும் உயரத்தையும் மட்டும் பார்ப்போம்.

வெயிலில் ஒரு மதில், குளிரில் ஒரு மதில்

பரசூட் விரிந்ததும் அதன் மீது வளி மேல்நோக்கி ஒரு தடை விசையைக் கொடுக்கிறது. இவ்விசை வளியின் அடர்த்தி, துணியின் பரப்பு, துணியின் வடிவம், வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. வேகம் அதிகமாக இருக்கும்போது தடை விசை நிறையை மிஞ்சும், வேகம் குறையும். வேகம் குறையக் குறையத் தடையும் குறையும். இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் மாறாமல் நிற்கும். அதுவே முடிவு வேகம். அந்த வேகத்தோடுதான் கால் தரையில் படுகிறது.

இந்தச் சமநிலையை எழுதிப் பார்த்தால், முடிவு வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமம் என்று வரும். சொற்களில் சொன்னால், வளி ஐதானால் வேகம் கூடும். ஆனால் அடர்த்தி குறைந்த அளவுக்கு அப்படியே கூடாது, அதன் ஏறத்தாழ அரைவாசிக்கே கூடும்.

ஓர் உண்மையான இடத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய விமானப்படையின் பரசூட் வீரர் பயிற்சிப் பாடசாலை ஆக்ரா நகரில் இருக்கிறது. தாஜ்மகால் உள்ள அதே ஆக்ராதான். குளிர்காலக் காலை நேரங்களில் அங்கு வெப்பநிலை 5 பாகையளவுக்கு இறங்கும். மே, ஜூன் மாதங்களில் நண்பகலில் 45 பாகையைத் தொடும். நாற்பது பாகை வித்தியாசம்! இடமும் பரசூட்டும் ஆளும் மாறவில்லை. வளி மட்டும் மாறுகிறது.

உபகரணங்களுடன் 100 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர், 60 சதுர மீற்றர் அளவான வட்டப் பரசூட்டில் இறங்குவதாக வைத்து நான் கணித்தேன். அமுக்கத்தைக் கடல் மட்ட அமுக்கமாகவும் தடைக் குணகத்தை 0.75 ஆகவும் எடுத்தேன். 5 பாகையில் முடிவு வேகம் செக்கனுக்கு 5.9 மீற்றர். 45 பாகையில் 6.3 மீற்றர். வித்தியாசம் ஏழு வீதம்.

"இவ்வளவுதானா?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் காலின் எலும்பு தாங்குவது வேகத்தையல்ல, இயக்கச் சக்தியை. அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே வேகம் ஏழு வீதம் கூடும்போது சக்தி பதினான்கு வீதம் கூடிவிடுகிறது. இதை மதிலிலிருந்து குதிப்பதோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். குளிர்காலக் காலையில் அவர் இறங்குவது 1.75 மீற்றர் உயரமான மதிலிலிருந்து குதிப்பதற்குச் சமம். கோடை நண்பகலில் அதே மதில் 2 மீற்றர் ஆகிவிடுகிறது. யாரும் கல் வைத்துக் கட்டாமலே, வெயில் அந்த மதிலில் இன்னும் ஒரு சாண் உயரத்தை ஏற்றிவிடுகிறது.

பரசூட் வீரர்களுக்கு விமானத்தில் ஏற முன்னரே விழக் கற்றுக்கொடுப்பது இதனால்தான். கால்களை ஒன்றுசேர்த்து, முழங்காலைச் சற்று மடித்து, பாதம் பட்டதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று வரிசையாகத் தரையில் உருள வேண்டும். செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வரும் ஒருவர் விறைத்த காலோடு 5 சென்ரிமீற்றரில் நின்றால், அவரது அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைப்போல் 36 மடங்குக்கும் மேல். உருண்டு அரை மீற்றரில் நின்றால் அது நான்கு மடங்குக்கும் குறைவு. வேகத்தை மாற்ற முடியாதபோது நிற்கும் தூரத்தையாவது கூட்டிக்கொள்கிறார்கள்.

மலையில் குளிர்தானே?

இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் தோழி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "குளிரில் வளி அடர்த்தி என்றால், நுவரெலியாவில் வளி நம் ஊரைவிட அடர்த்தியாகத்தானே இருக்க வேண்டும்?"

அப்படியில்லை. குளிர் வளியைச் சற்று நெருக்கினாலும், உயரம் அதைவிடப் பலமாக ஐதாக்கிவிடுகிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நமக்கு மேல் இருக்கும் வளியின் அளவு குறைவு. ஆகவே அமுக்கமும் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்களவே. தண்ணீர் அங்கு 94 பாகையளவில் கொதித்துவிடுவதும் பருப்பு அவியத் தாமதிப்பதும் இதனால்தான். 16 பாகைக் குளிரோடு கணக்கிட்டாலும், 30 பாகை வெயிலடிக்கும் நம் கடற்கரை வளியைவிட நுவரெலியா வளி ஆறில் ஒரு பங்கு ஐதானது. வெப்பநிலையும் அமுக்கமும் எதிரெதிராக இழுக்கும்போது, மலையில் வெல்வது அமுக்கம்தான்.

இதற்குப் பெரிய உதாரணம் நேபாளம். 2008ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தின் அருகே விமானத்திலிருந்து குதித்தவர்கள், ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்திலுள்ள சியாங்போச்சே என்ற இடத்தில் இறங்கினார்கள். அந்த உயரத்தில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நான் முன்பு சொன்ன பரசூட்டோடு அங்கே இறங்கினால் வேகம் செக்கனுக்கு 7.2 மீற்றராகிவிடும். மதில் கணக்கில் சொன்னால் 2.65 மீற்றர். வீட்டின் கூரை விளிம்பிலிருந்து குதிப்பது போல. அதே வேகத்தில் பாதுகாப்பாக இறங்க வேண்டுமென்றால் துணியின் பரப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்க வேண்டும். அவர்களும் வழமையை விடப் பெரிய பரசூட்டுகளையே கொண்டு சென்றிருந்தார்கள்.

இன்னும் ஒரு படி போனால் செவ்வாய்க் கோள். அங்குள்ள வளிமண்டலத்தின் அடர்த்தி நமது வளியின் நூற்றில் ஒரு பங்களவே. 2021 பெப்ரவரி 18ஆம் திகதி அங்கு இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியின் பரசூட் 21.5 மீற்றர் விட்டம் கொண்டது. அவ்வளவு பெரிய பரசூட்டாலும் வேகத்தை மணிக்கு 320 கிலோமீற்றர் அளவுக்கே குறைக்க முடிந்தது. மிகுதி வேலையை ரொக்கெட்டுகள் செய்தன. துணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பிடித்துக்கொள்ள வளி வேண்டுமே!

உடல் அறியாத வேறுபாடு

இத்தனை கணக்குகளிலும் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். வெயிலிலோ மலையிலோ பரசூட்டில் இறங்குபவருக்குத் தான் வேகமாக வருவது உடம்பால் தெரியாது.

முடிவு வேகத்தில் தடை விசையும் நிறையும் சமம் என்று பார்த்தோம். மலையானாலும் கடற்கரையானாலும் அவரது நிறை ஒன்றே. ஆகவே பரசூட்டின் கயிறுகளில் உள்ள இழுவையும் ஒன்றே. முகத்தில் மோதும் காற்றின் விசையும் ஒன்றே. வளி ஐதாக இருப்பதால் அது குறைவாக மோத வேண்டும். வேகம் கூடியிருப்பதால் அதிகமாக மோத வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. ஊரில் நூறு தடவை இறங்கியபோது உணர்ந்த அதே காற்றைத்தான் அவர் அங்கும் உணர்வார். தரை மட்டும் வழமையை விட விரைவாக வந்து சேரும்.

அனுபவம் நம்மைக் காப்பாற்றும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் வளி மாறிய இடத்தில், பழக்கத்தை மட்டும் நம்பிய அனுபவசாலிக்கும் ஆபத்து நேரும். அங்கே கைகொடுப்பது வெப்பமானியும் கணக்கும்தான்.

பறவைகள் இறங்கும் விதம்

இதுவரை சொன்னது குடைபோல் நேரே இறங்கும் வட்டப் பரசூட்டைப் பற்றியது. இன்று விளையாட்டாகக் குதிப்பவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் நீள்சதுரப் பரசூட். அதன் முன்பக்கம் திறந்த பல அறைகளைக் கொண்டது. வளி உள்ளே புகுந்து அந்த அறைகளை நிரப்பியதும் துணி ஒரு விமானச் சிறகின் வடிவத்தை அடைகிறது. ஆகவே அது விழுவதில்லை. முன்னோக்கிச் சறுக்கிப் பறக்கிறது.

இறங்குபவரின் இரு கைகளிலும் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். தரையை நெருங்கியதும் இரண்டையும் ஒன்றாகக் கீழே இழுப்பார். சிறகின் பின்விளிம்பு கீழே வளையும். சிறிது நேரத்துக்கு உயர்த்து விசை கூடி, முன்னோக்கிய வேகம் செலவாகி, கால் மெதுவாகத் தரையைத் தொடும். இதைக் கச்சிதமான உயரத்தில் செய்ய வேண்டும். முந்திவிட்டால் நடுவானில் வேகம் தீர்ந்து கீழே விழ நேரிடும். பிந்திவிட்டால் முழு வேகத்தோடு தரையில் மோத வேண்டும்.

உம்மா இரவில் ஓதும் தபாரக்க சூறாவில், தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைக் கவனிக்கச் சொல்லும் இடம் வருகிறது. நான் கவனித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மதிலில் வந்து இறங்கும் காகம் கடைசி நொடியில் உடலை நிமிர்த்தி, சிறகை அகல விரித்து, வாலையும் விசிறிபோல் விரித்துக்கொள்கிறது. பரசூட் கைப்பிடி செய்வதும் அதே வேலைதான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், உடலில் இறகுகளையும் சிறகுகளையும் பொருத்திப் பறக்க முயன்றதாக வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதியிருக்கிறார். சிறிது தூரம் பறந்த அவர் இறங்கும்போது முதுகில் காயமடைந்தார். பறவைகள் இறங்குவதற்கு வாலைப் பயன்படுத்துவதை அவர் கவனிக்கத் தவறியதே காரணம் என்று அக்குறிப்பு சொல்கிறது. பறப்பதைவிட இறங்குவதே கடினம் என்ற பாடம் ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்றும் பரசூட் விளையாட்டில் காயப்படுபவர்களில் பெரும்பாலானோர் பரசூட் விரியாததால் காயப்படுவதில்லை. நன்றாக விரிந்த பரசூட்டோடு தரையிறங்கும்போதே காயப்படுகிறார்கள்.

ஐதான வளியில் இந்தச் சிறகு கீழ்நோக்கி மட்டுமல்ல, முன்னோக்கியும் வேகமாகப் போகும். கடல் மட்டத்தில் செக்கனுக்கு 12 மீற்றர் முன்னேறுவது, சியாங்போச்சே உயரத்தில் 14.5 மீற்றர் முன்னேறும். கைப்பிடியை இழுப்பதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும். அதைவிட ஆபத்தானது வளைந்து திரும்புவது. திரும்பும் வட்டத்தின் ஆரை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். திரும்பும்போது இழக்கும் உயரமும் அவ்வாறே கூடும். ஊரில் ஒரு திருப்பத்துக்கு 60 மீற்றர் உயரம் செலவாகுமென்றால், அங்கே 85 மீற்றருக்கு மேல் செலவாகும். பழக்கத்தால் 70 மீற்றர் உயரத்தில் திரும்பத் தொடங்கியவருக்குத் திருப்பம் முடிவதற்குள் தரை வந்துவிடும்.

மொட்டைமாடியில் ஒரு தோல்வி

இவ்வளவையும் படித்த பிறகு நானே பரிசோதித்துப் பார்க்க விரும்பினேன். சொப்பிங் பையை வட்டமாக வெட்டி, நூல் கட்டி, ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டேன். வீட்டு மொட்டைமாடியிலிருந்து அதை விடுவேன். கீழே தம்பி நிறுத்தற் கடிகாரத்தோடு நிற்பார். சுபஹ் தொழுதுவிட்டு 26 பாகையில் பத்துத் தடவை. ளுஹருக்குப் பின் 33 பாகையில் பத்துத் தடவை. நண்பகலில் அது விரைவாக விழ வேண்டும் என்பது எனது எதிர்பார்ப்பு.

காலையில் சராசரி 4.1 செக்கன். நண்பகலில் 4.3 செக்கன். எல்லாம் தலைகீழ்! வெயிலில் அது மெதுவாக விழுந்திருக்கிறது.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. நண்பகல் அளவீடுகளில் மிகப் பெரிய மூன்றை நீக்கிவிட்டால் சராசரி நான் விரும்பியபடி வந்துவிடும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். அந்த மூன்று எண்களின் மேல் பென்சிலால் இலேசாகக் கோடும் போட்டேன். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்றிரவு அந்தக் கொப்பியைத் திறக்கவே மனம் வரவில்லை. மறுநாள் ஆசிரியையிடம் அப்படியே காட்டினேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அளவீடும் ஓர் அமானிதம்தான் மகள். அதை அழிக்காதீர்கள். ஏன் அப்படி வந்தது என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டபோது இரண்டு விடைகள் கிடைத்தன. முதலாவது, 26 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையில் நான் எதிர்பார்க்க வேண்டிய வித்தியாசம் 0.05 செக்கன் மட்டுமே. கடிகாரத்தை அழுத்தும் விரலுக்கே அதைப்போல் நான்கு மடங்கு நேரம் வேண்டும். நான் தேடிய வித்தியாசம் இல்லாமல் இல்லை. அது என் கடிகாரத்துக்கு அகப்படாத அளவு சிறியது. அதே பரிசோதனையில் இரண்டு நட்டுகளைத் தொங்கவிட்டபோது நேரம் 3.0 செக்கனாகக் குறைந்தது. நிறை இரு மடங்காகும்போது வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காக வேண்டும் என்ற விதிக்கு அது நன்றாகவே பொருந்தியது. பெரிய வித்தியாசத்தை என் கருவி காட்டியது, சிறியதைக் காட்டவில்லை. 

இரண்டாவது விடை எங்கள் முற்றத்திலேயே இருந்தது. நண்பகல் வெயிலில் சீமெந்துத் தரை கொதித்தது. அதன் மேலிருந்த வளி சூடாகி மேலெழுந்து, இலேசான என் பரசூட்டைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். வெப்பநிலை ஒருபுறம் வளியை ஐதாக்குகிறது. மறுபுறம் அதை அசைக்கவும் செய்கிறது. உண்மையான பரசூட்டில் இறங்குபவர்களுக்கும் இது பெரிய சவால். தார்த் தரைக்கும் உழுத வயலுக்கும் மேல் வளி எழும். அருகிலுள்ள நிழல் தோப்பின் மேல் அது தாழும். ஒன்றிலிருந்து மற்றதுக்குள் போகும்போது பரசூட் திடீரென்று உயர்ந்து திடீரென்று தாழும். வெயில் நேரச் சுழற்காற்று விரிந்த துணியைச் சுருட்டியும் விடும். அதனால்தான் புதிதாகப் பழகுபவர்களுக்குக் காலையும் மாலையும் உகந்த நேரங்கள்.

ஏறாமலே ஏறும் உயரம்

இத்தனையையும் ஒரே எண்ணில் சொல்ல விமானிகளும் பரசூட்காரர்களும் வைத்திருக்கும் அளவு "அடர்த்தி உயரம்". இன்று இங்குள்ள வளி, நியம வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் இருக்கும் வளிக்குச் சமம் என்பதே அதன் பொருள். நியம வெப்பநிலையைவிடக் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 36 மீற்றரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1,600 மீற்றர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் வெப்பநிலை 35 பாகையாக இருக்கும்போது அடர்த்தி உயரம் 2,700 மீற்றரளவுக்குப் போய்விடும். 2017 ஜூன் மாதம் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 பாகையளவுக்கு ஏறியபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட சிறிய விமானப் பறப்புகள் இரத்துச் செய்யப்பட்டதற்கும் இதே ஐதான வளிதான் காரணம்.

நமது கிழக்குக் கரையும் இதற்கு விலக்கல்ல. இலங்கை விமானப்படையின் பரசூட் பயிற்சிப் பாடசாலை அம்பாறையில் இருக்கிறது. அம்பாறைச் சமவெளியில் 33 பாகை வெயிலடிக்கும் நண்பகலில் வளி, 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்து வளியைப் போலவே நடந்துகொள்ளும். ஒரு படிகூட ஏறாமல் ஒரு மலையில் நிற்கிறோம்!

இதற்கு எதிராக மனிதர் செய்யக்கூடியவை எளிமையானவை. குதிக்க முன் வெப்பநிலையையும் உயரத்தையும் பார்த்துக்கொள்வது. புதிய இடத்தில் பெரிய பரசூட்டைத் தெரிவுசெய்வது. தரைக்கு அருகில் திரும்பாமல், திருப்பங்களை உயரத்திலேயே முடித்துவிட்டுக் காற்றை எதிர்த்து நேரே வருவது. முதல் இறக்கத்திலேயே திறமை காட்ட முயலாமல் இருப்பது. இவற்றில் ஒன்றுக்கும் பெரிய துணிச்சல் தேவையில்லை. நிதானம் இருந்தால் போதும்.

இரவெல்லாம் இருந்து இதை எழுதியதைப் பார்த்த உம்மா, "என்ன மகள், நீங்க குதிக்கவா போறீங்க?" என்று கேட்டார். இல்லையென்றேன். அவருக்கு நிம்மதி.

நான் குதிக்கப் போவதில்லை. ஆனால் கண்காட்சியில் என் மேசை மீது இருபது அளவீடுகளும் அப்படியே இருந்தன. பென்சில் கோட்டை அழித்திருந்தேன், எண்களை அழிக்கவில்லை. பார்க்க வந்த ஒரு தங்கை, "ராத்தா, அப்ப நீங்க நினைச்சது பிழையா?" என்று கேட்டாள். நினைத்தது பிழையில்லை, அதை இந்தக் கடிகாரத்தால் காட்ட முடியாது என்று சொல்லி, ஏனென்று விளக்கினேன். அன்று அதிக நேரம் கூட்டம் நின்றது அந்த இடத்தில்தான்.

வினாத்தாளில் "வளித் தடையைப் புறக்கணிக்க" என்று வரும்போது இப்போதும் புறக்கணிக்கிறேன். கற்றுக்கொள்வதற்கு அது தேவையான எளிமை. ஆனால் புறக்கணிக்கிறேன் என்று தெரிந்துகொண்டே புறக்கணிக்கிறேன். என் முற்றத்தில் 0.05 செக்கனாக ஒளிந்துகொண்ட அதே வளிதான், இன்னோர் இடத்தில் ஒரு மனிதரின் காலுக்குக் கீழே மதிலை உயர்த்துகிறது. எல்லாவற்றையும் ஓர் அளவோடு படைத்தவன் வளிக்கும் ஓர் அளவை வைத்திருக்கிறான். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இல்லாமல் போய்விடாது.